இரண்டாம் சரணத்தை நேராக்க வேண்டாம்

நம் குழுவின் முருகன் கேசட்டில், மூன்றாவது பாட்டின் இரண்டாம் சரணத்தில், பாஸ் கிட்டாரின் சுருதி இறங்கியிருக்கிறது. இத்தனை வருடம் கழித்து அதைக் கண்டுபிடித்தவன், கேசட்டை இப்போது நெட்டில் ஏற்றப்போகும் நம் குழுப் பையன் பிரவீன். போன மாதம் எனக்கு ஃபோன் செய்தான்.

“அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. தேர்ட் சாங்ல, செகண்ட் சரணம் பாஸ் ஃப்ளாட்டா இருக்குலா. கடைசியில கீபோர்டோட நல்லாவே இடிக்குது. இப்ப சாஃப்ட்வேர்ல வாய்ஸ் தனி, பாஸ் தனின்னு பிரிச்சிடலாம். நெட்ல போடறதுக்கு முன்னாடி பாஸை மட்டும் மேல தூக்கி நேராக்கிடறேன். ஓகேவா?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவன் விடவில்லை.

“ஆனா டோன் செமலா, அங்கிள். அது என்ன பாஸ்? என்ன பிராண்டு?”

பிராண்டு ஒன்றும் இல்லை. தலைப்பக்கம் இருந்த பெயர் நான் வாங்கும்போதே உரிந்துபோயிருந்தது. விலை குறைந்த ஃப்ரெட்லெஸ் பாஸில் எப்படி நல்ல சத்தம் எடுப்பது என்று குழுவில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் எல்லோரும் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கிறேன். பிரவீனின் இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். அது நீளமான பதில் என்பதால் எழுதுகிறேன். சத்தத்தை மாற்றும் பெடல் வாங்கினால் டோன் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எழுபதுகளின் நடுவில் அந்த பாஸை சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில், தரையில் விரித்த பிளாஸ்டிக் தாள் மேல், பழைய மிக்சிக்கும் ஒற்றைக் காலணிக்கும் நடுவில் பார்த்தேன். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகள் துருப்பிடித்துத் தேய்ந்திருந்தன. எந்த இடத்தில் விரல் வைத்தாலும் ஈ மாதிரி ரீங்காரம். புது ஃப்ரெட் போட ஆகும் செலவுக்கு இன்னொரு பாஸே வாங்கிவிடலாம் என்றார்கள். நான் ஒரு கப்பல் பட்டறையில் ஸ்டோர் கிளார்க். என்னிடம் அந்தச் செலவுக்கு வழியில்லை, கையில் குறடு மட்டும் இருந்தது. எல்லா ஃப்ரெட்டையும் பிடுங்கிவிட்டேன். பாதி இடத்தில் மரமும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. பட்டறையில் கப்பல் அறைகளுக்கு மரவேலை செய்யும் நண்பர் ஒருவர் மெல்லிய வெள்ளை மரத்தகடு கொடுத்தார். பள்ளங்களில் அதைச் செருகி ஒட்டித் தேய்த்தேன். ஃப்ரெட் இருந்த இடமெல்லாம் வெள்ளைக் கோடு ஆகிவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

நான் ஃப்ரெட்லெஸ் வாசிக்க ஆரம்பித்தது ஏதோ பெரிய கலை ஆசையால் என்று நீங்கள் நினைத்திருந்தால், மன்னிக்கவும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு ஒத்திகைக்குப் போனேன். தேக்காவில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் அப்போது நம் குழுவின் ஒத்திகை நடக்கும். கீபோர்டில் மாஸ்டர். குழுவும் அவருடையது, பாட்டுகளும் அவருடையவை, கோபமும் அவருடையதுதான். டோலக் வாசித்தவர் பகலில் டாக்ஸி ஓட்டினார். பாடியவர் தனம் அக்கா. ஒரு ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டர். வாரத்தில் ஆறு நாள் வாய் வலிக்கும் அளவுக்கு ‘குட் மார்னிங்’ சொல்லிவிட்டு ஏழாம் நாள் வந்து பாடுவார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர்.

முதல் பாட்டு முடிவதற்குள் மாஸ்டர் கையை எடுத்துவிட்டார். “என்ன ஜோசப் இது? பாஸ் அழுவுது.”

ஃப்ரெட் உள்ள பாஸில் விரலை ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்துவோம், சத்தத்தை ஃப்ரெட் பார்த்துக்கொள்ளும். பழக்க தோஷம், நான் கோட்டுக்குப் பின்னாலேயே அழுத்திக்கொண்டிருந்தேன். ஃப்ரெட் இல்லாதபோது விரல்நுனிதான் ஃப்ரெட். அது கோட்டின் மேலேயே உட்கார வேண்டும். எல்லா நோட்டும் கொஞ்சம் கொஞ்சம் இறங்கியிருந்தது. இந்தத் தவறைச் செய்யாத ஆள் உங்களில் யாரும் இருக்க முடியாது, அதனால் சிரிக்க வேண்டாம்.

அடுத்த வாரத்திலிருந்து கழுத்தை மடக்கிக் கோட்டையே முறைத்துக்கொண்டு வாசித்தேன். அப்போதும் சரியாக வரவில்லை. மேலிருந்து சாய்வாகப் பார்க்கும்போது கோடு இருக்கும் இடம் ஒன்று, கண்ணுக்குத் தெரியும் இடம் ஒன்று. தனம் அக்காதான் பாட்டை நிறுத்தினார்.

“என்ன ஜோ, அதுல பேப்பர் படிக்கிறியா? நான் இங்க பாடிட்டு இருக்கேன்.”

“கோட்டைப் பாக்காம எப்படிக்கா? இடம் தெரியாதே.”

“கோடு எங்கயும் போகாது, அங்கயேதான் இருக்கும். போறவ நான்தான். என்னைப் பாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து அவரைப் பார்த்தே வாசித்தேன். அவர் ஒரு வரியைத் தொடங்குமுன் இடது தோள் லேசாக ஏறும். மூச்சு முடியப்போகிறது என்றால் கீழுதடு உள்ளே போகும். எங்கே நிறுத்துவார், எங்கே இழுப்பார், எந்த ஸ்வரத்தில் கொஞ்சம் கீழிருந்து ஏறி வருவார் என்று ஒரு வருடத்தில் எனக்கு மனப்பாடம். விரல் தானாக இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. கோடுகள் இருந்தன, நான் பார்க்கவில்லை. பிரவீன் ‘செம’ என்று சொல்லும் டோனில் பாதி அதுதான். நோட்டின் நடுவில் உயிர் இருக்கிற மாதிரி ஒரு அசைவு கேட்கிறதே, அது அவருடைய மூச்சோடு சேர்ந்து என் விரல் அசைந்தது.

மீதிப் பாதி பசை. சொரசொரப்பான பாஸ் கம்பிகள் அந்த மலிவான மரத்தைத் தின்றுகொண்டிருந்தன. படகுகளுக்குப் பூசும் ரெசினைக் கழுத்தில் பூசினால் கண்ணாடி போல இறுகும், சத்தமும் நீளும் என்று பட்டறையில் சொன்னார்கள். பூசினேன், டிசம்பர் மழையில். காற்றில் இருந்த ஈரத்துக்கு அது இறுகாமல் பால் நிறத்தில் பிசுபிசுத்துப்போனது. ஞாயிறு ஒத்திகைக்கு வேறு பாஸ் இல்லை. அதையே எடுத்துப்போனேன். விரல் ஒட்டிக்கொண்டு, வழுக்க வேண்டிய இடத்திலெல்லாம் பிய்ந்து பிய்ந்து வந்தது. டோலக்காரருக்குச் சிரிப்பு தாங்காமல் தாளம் விட்டுப்போனது. பிறகு எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, வெயில் நாட்களாகப் பார்த்து மறுபடி பூசினேன். அவசரத்துக்குப் பூசியதைச் சுரண்டத்தான் வேண்டியிருக்கும். ரெசினைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. டப்பாவிலேயே எழுதியிருக்கிறது.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது உங்களுக்குப் புரியாது.

ஃபேரர் பார்க் பக்கத்தில் அம்மாவும் அண்ணனும் நானும் ஒரு வாடகை அறையில் இருந்தோம். அண்ணன் கல்யாணம் செய்துகொண்டு வெளிநாட்டுக்கு, பெர்த்துக்குப் போய்விட்டான். எண்பதுகளில் அம்மாவும் நானும் சேர்ந்து மனு போட்டுத் தெம்பனிஸில் அரசு அடுக்குமாடி வீடு எடுத்தோம். சாவி வாங்கிய வருடமே அம்மா இறந்துபோனார். ஒன்பதாவது மாடி. சுற்றிலும் பாதி பிளாக்குகள் இன்னும் கட்டி முடியவில்லை. பக்கத்து வீட்டுக்கு யாரும் வந்திருக்கவில்லை. பட்டறையில் நான் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டை வாங்கிப் பொருளைக் கொடுப்பவன். “போல்ட் ரெண்டு பெட்டி” என்பார்கள், கொடுப்பேன், போய்விடுவார்கள். வாரத்தில் ஐந்தரை நாள் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஞாயிறு காலை பூசைக்குப் போவேன். பிறகு பஸ்ஸில் பாஸை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு தேக்கா வருவேன். மாடிப்படி ஏறும்போதே மேலேயிருந்து, “ஜோ வந்துட்டான், ஆரம்பிக்கலாம்” என்று தனம் அக்காவின் குரல் கேட்கும். ஒத்திகை முடிந்து கீழே இறங்கி நாலு பேரும் நுரை பொங்க ஆற்றிய டீ, தே தாரிக், குடிப்போம். டோலக்காரர் டாக்ஸியில் ஏறியவர்களைப் பற்றிக் கதை சொல்வார். ஐந்து மணிக்குக் கலைந்துபோவோம். அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் மற்ற நாட்களை ஓட்டினேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், அந்தக் குழுவை விட்டால் எனக்கு யாரும் இல்லை.

வீட்டில் ஆம்ப்ளிஃபயர் கிடையாது. ஒரு நாள் தற்செயலாக பாஸின் தலை அம்மாவின் மர அலமாரியில் இடித்தது, அலமாரி முழுவதும் முழங்கியது. அம்மாவின் துணிகளைக் கொடுத்துவிட்டதால் அது காலியாக இருந்தது. அதற்குப் பிறகு தினமும் பாஸின் தலையை அலமாரிக் கதவில் அழுத்திக்கொண்டு, தாடையை பாஸின் கொம்பு போல நீண்ட மேல்முனையில் வைத்துக்கொண்டு வாசித்தேன். சத்தம் எலும்பு வழியாக ஏறும். சுருதி ஒரு மயிரிழை விலகினாலும் பல்லில் தெரியும். காசு செலவில்லாத வழி இது. உங்கள் வீட்டில் மர அலமாரி இருந்தால் செய்து பாருங்கள். மரத்தூள் பலகை அலமாரி உதவாது.

இனி கேசட்.

மாஸ்டர் எட்டு முருகன் பாட்டுகளை எழுதி மெட்டுப் போட்டு வைத்திருந்தார். கேசட்டாகக் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய பல வருடக் கனவு. ஒரு கத்தோலிக்கன் பாஸ் வாசித்தால் முருகன் ஏற்றுக்கொள்வாரா என்று டோலக்காரர் கிண்டல் செய்வார். சுருதி சரியாக இருந்தால் ஏற்றுக்கொள்வார் என்பார் மாஸ்டர்.

கேசட் எடுத்த வருடத் தொடக்கத்தில் தனம் அக்காவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். குரல் இருந்தது, பழைய பலம் இல்லை. மேல் ஸ்தாயியில் நீளமான வரி வந்தால், வரியின் முடிவில் நூலளவு இறங்கினார். யார் கவனித்தார்களோ தெரியாது. எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. கீழுதடு வழக்கத்தைவிடச் சீக்கிரம் உள்ளே போனது.

ஒரு ஒத்திகையில் அவரே கேட்டார். “மாஸ்டர், மூணாவது பாட்டை அரைக்கட்டை இறக்கிக்கலாமா?”

“இறக்கினா பாட்டோட கம்பீரம் போயிடும், தனம். முடியலைன்னா சொல்லு. கோரஸ் பாட வருதே அந்தப் பொண்ணு, அது அசால்ட்டா பாடும்.”

அந்தப் பெண் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். நல்ல குரல், நல்ல பிள்ளை, அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. தனம் அக்கா, “முடியும் மாஸ்டர்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். பதினைந்து வருடமாகக் குழுவின் ஒரே பாடகி. கேசட்டில் ஒரு பாட்டு அந்தப் பெண்ணுக்குப் போனால் அடுத்த மேடையில் எல்லாப் பாட்டும் போகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

எனக்கும் ஒரு கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. என் பாஸ் மேல் மாஸ்டருக்கு நம்பிக்கை வந்ததே இல்லை. “ரெக்கார்டிங்ல ஒரு தடவை அது அழுதுச்சுன்னா, ஃப்ரெட் வச்ச பாஸோட வேற ஆளைப் பாத்துக்குவேன்” என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை லீவு போட்டுவிட்டு ஸ்டுடியோவுக்குப் போனோம். ஸ்டுடியோ என்று பெயர்தான். சுவரில் முட்டை அட்டை ஒட்டிய ஒரே அறை, எல்லோரும் சேர்ந்து ஒரே நேரத்தில் வாசித்து ஒரே டேப்பில் பதிவாகும். ஒருவர் தவறினால் அவரை மட்டும் திருத்த முடியாது, பாட்டை முழுக்க மறுபடி எடுக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு வேறு குழு வரும் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது பாட்டை முதலில் எடுத்தபோது சரியாக வரவில்லை என்று மாஸ்டர் கடைசிக்குத் தள்ளிவைத்தார். அதற்கு மறுபடி வந்தபோது மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. அக்கா ஏழு பாட்டுப் பாடி முடித்திருந்தார்.

அந்தப் பாட்டின் இரண்டாம் சரணத்தில் கீபோர்டு கிடையாது. மாஸ்டர் அப்படித்தான் அமைத்திருந்தார். குரல், டோலக், பாஸ், மூன்று மட்டும். சரணம் முடிந்து இழுக்கும் நோட்டின் வாலில் கீபோர்டு வந்து சேரும்.

அக்கா முதல் வரியைப் பாடினார். இறங்கினார். வழக்கமாக வரியின் முடிவில் இறங்குபவர், அன்று தொடக்கத்திலேயே இறங்கி நின்றார். அவருக்கே தெரிந்துவிட்டது, கண் என் பக்கம் திரும்பியது. அந்தக் கண்ணை நான் இன்றுவரை மறக்கவில்லை. ஏற முயன்றால் குரல் உடையும், உடைந்தால் பாட்டு நிற்கும், மறுபடி எடுக்க நேரமில்லை. இரண்டு வரிக்கு நடுவில் ஒரு மூச்சு நேரம் இருந்தது.

நான் கோட்டின் மேல் நின்றால் நான் சரி, அவர் தப்பு. குழந்தைக்குக்கூடக் கேட்கும். கோட்டை விட்டு இறங்கினால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சரி. ஃப்ரெட் உள்ள பாஸுக்கு இந்தத் தேர்வே கிடையாது. என் பாஸுக்கு இருந்தது. விரலைப் பின்னால் நகர்த்தினேன். இவ்வளவுதான், ஒரு அரிசி நீளம் இருக்கும். அவருடைய சுருதியில் போய் உட்கார்ந்தேன். கால் தரையில் பட்டவர் மாதிரி அக்காவின் தோள் இறங்கியது. மீதி மூன்று வரிகளையும் அப்படிப் பாடினார், அவ்வளவு நிதானமாக அவர் அதற்கு முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடியதில்லை. நானும் அப்படி வாசித்ததில்லை.

கடைசி நீளமான நோட்டில் அவரையும் கூட்டிக்கொண்டு மெல்ல மேலே ஏறிவிடலாம், கீபோர்டு வருவதற்குள் இடத்துக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நான் ஏற ஆரம்பித்தேன். அவருக்கு மூச்சு முடிந்து, நிறுத்திவிட்டார். பாதி வழியில் நான் தனியாக நின்றேன். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அந்த நேரம் பார்த்து மாஸ்டரின் கை கீபோர்டில் விழுந்தது. பிரவீனுக்குக் கேட்ட இடி அதுதான்.

பாட்டு முடிந்ததும் மாஸ்டர் அந்த இடத்தை மட்டும் மூன்று முறை போட்டுக் கேட்டார்.

“சரணம் மொத்தமா இறங்கியிருக்கு. யாரு யாரை இழுத்தது?”

வெளியே பன்னிரண்டு மணிக் குழு டிரம்ஸை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது.

“வாய்ஸ் இறங்கியிருந்தா இதை இப்படியே விட முடியாது. அடுத்த வாரம் அந்தப் பொண்ணை வச்சு எடுத்துக்கலாம். பாஸ்தான்னா விட்டுடலாம். பாஸ்தானே, யாரு கேக்கப் போறா? சொல்லுங்க.”

“நான்தான் மாஸ்டர்” என்றேன். “விரல் வழுக்கிடுச்சு. அக்கா என்னைக் கேட்டுத்தான் பாடினாங்க. அதான் அவங்களும் இறங்கிட்டாங்க.”

மாஸ்டர் அக்கா பக்கம் திரும்பினார். “அப்படியா தனம்?”

அக்கா ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே மூடியிருந்தது.

“ஆமா மாஸ்டர். பாஸைக் கேட்டுத்தான் பாடினேன்.”

அது பொய் இல்லை. உண்மையும் இல்லை. அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நானே வழி செய்து கொடுத்திருந்தேன். ஆனாலும் அதை அவர் வாயால் கேட்டபோது எனக்கு வலித்தது. இதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரையே வீண். அடுத்த வாரம் பூசைக்கு முன் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது என்னுடைய பொய்யை நான் சொல்லவில்லை. அது பாவமா என்று எனக்குத் தெரியவில்லை.

மாஸ்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவர் கெட்டவர் இல்லை, குழு நடத்துகிறவர் அப்படித்தான் இருக்க முடியும். டோலக்காரர்தான் வந்து சொன்னார். “கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கச் சொன்னாருலா, ஜோ.” புதிதாக வந்தவரிடம் பளபளவென்று ஃப்ரெட் வைத்த பாஸ் இருந்தது.

எட்டு மாதம் நான் யாரோடும் வாசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுவேன். தேக்கா பக்கம் போனால் மாடியிலிருந்து சத்தம் கேட்குமே என்று போகவில்லை. ஒத்திகை நேரமான இரண்டு மணிக்கு அலமாரியில் பாஸின் தலையை அழுத்திக்கொண்டு மூன்றாவது பாட்டை வாசிப்பேன். அவர் எங்கே மூச்சு விடுவாரோ அங்கே நானும் நிறுத்துவேன். அடுத்த வீட்டுக்கு அப்போதுதான் குடிவந்திருந்த மலாய்க்காரர் ஒரு நாள் கதவைத் தட்டி, வீட்டில் ஏதாவது மோட்டார் ஓடுகிறதா என்று விசாரித்தார். அந்த வாரம் முழுவதும் என் வீட்டுக் கதவைத் தட்டிய ஒரே ஆள் அவர்.

என் வாழ்க்கையில் நல்ல டோன் வந்தது அந்த எட்டு மாதத்தில்தான். விரலுக்கும் நோட்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாமல், நினைத்தவுடன் சத்தம் வந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. டோன் மட்டும் போதும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

கேசட் வெளிவந்தது. சிராங்கூன் ரோட்டில் பூக்கடை ஒன்றில் போட்டிருந்தார்கள். நான் எதிர்ப்பக்கம் நின்று மூன்றாவது பாட்டு முடியும்வரை கேட்டேன். தனம் அக்காவின் குரலைப் பற்றி எல்லோரும் நல்லபடியாகப் பேசினார்கள். அதற்குப் பிறகும் மூன்று வருடம் அவர் மேடையில் பாடினார். பிறகு, யாரும் சொல்லாமல், தானாகவே நிறுத்திக்கொண்டார்.

அவர் நிறுத்துவதற்கு முன்பு ஒரு நாள் காலை, தேக்கா சந்தையில் மீன் வாங்கும் இடத்தில் அவரைப் பார்த்தேன். நான் அப்போது வேறு குழுவில் வாசித்துக்கொண்டிருந்தேன், நம் குழுவுக்குத் திரும்பியது பல வருடம் கழித்து. ஈரத்தரையில் இரண்டு பேரும் பையோடு நின்றோம்.

“எப்படி இருக்கே ஜோ? இன்னும் அதே பாஸா?”

“அதேதான்க்கா.”

“வீட்ல பிராக்டிஸ் எல்லாம் பண்றியா? யாரோட?”

“அலமாரியோட.”

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, “ஜோ, அந்த மூணாவது பாட்டு... அன்னிக்கு நான்...” என்று ஆரம்பித்தார்.

“ஸ்ட்ரிங் பழசுக்கா. அதான் வழுக்கிடுச்சு” என்றேன்.

சட்டென்று சொன்னேன். அவரைக் காப்பாற்றுவதாக நினைப்பு. அவர் என் முகத்தைப் பார்த்தார். “சரி, வரேன் ஜோ” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

நான் தொழிலில் செய்த பெரிய தவறு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஸ்டுடியோவில் அவர் வரியை முடிக்கும்வரை கீழே நின்றவன், சந்தையில் அவர் ஒரு வரியைத் தொடங்கியதும் நோட்டை அமுக்கிவிட்டேன். அவருக்கு அதைச் சொல்லி முடிக்க வேண்டியிருந்தது. எனக்கும் கேட்க வேண்டியிருந்தது. பெருந்தன்மை என்று நான் நினைத்துக்கொண்டது வெறும் வீம்பு. அதனால் இரண்டு பேரும் தனித்தனியாக அதைச் சுமந்தோம். நீங்கள் கூட வாசிப்பவர்களுக்காக இறங்கலாம், ஏறலாம், பழியும் ஏற்கலாம். ஆனால் அவர்கள் பேச வரும்போது குறுக்கே வாசிக்காதீர்கள்.

இப்போது பிரவீனுக்குப் பதில்.

நீ பாஸைத் தனியாகப் பிரித்து மேலே தூக்கினால், என் நோட்டு நேராகும். அந்த நிமிடமே அக்காவின் குரல் கீழே தனியாக நிற்கும். இத்தனை வருடம் யாருக்கும் கேட்காதது எல்லோருக்கும் கேட்கும். குரலையும் சேர்த்துத் தூக்கிவிடலாமே என்பாய். தூக்கலாம். அவர் அன்று பாடாத சரணத்தை அவர் வாயில் வைத்த மாதிரி ஆகும். அவருக்குத் தெரியாது என்று நினைக்காதே. காது இன்னும் நன்றாக இருக்கிறது என்று அவர் மகள் சொன்னாள்.

மகளைப் போன வாரம் ஃபேரர் பார்க் ஸ்டேஷனில் பார்த்தேன். அக்கா இப்போது அவளோடுதான் இருக்கிறார், நடக்க முடியவில்லை. நெட்டில் போடப்போகிறார்களாமே என்று கேட்டாள். “அம்மா தினமும் காலையில அந்த கேசட்டத்தான் கேப்பாங்க, அங்கிள். மத்த பாட்டெல்லாம் சும்மா ஓடிட்டு இருக்கும். மூணாவது பாட்டு, ரெண்டாவது சரணம் வந்ததும் சவுண்ட் கூட்டச் சொல்வாங்க. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டாங்க.”

அதனால் அதை அப்படியே விட்டுவிடு. குறிப்பு எழுதியே ஆக வேண்டுமென்றால், இரண்டாம் சரணத்தில் பாஸ் பிசகியிருக்கிறது, வாசித்தவர் ஜோசப் என்று எழுதிக்கொள். இந்தக் காகிதம் உங்களுக்குள்ளேயே இருக்கட்டும்.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு வருகிறேன் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். பாஸை எடுத்துப்போகவில்லை. அக்கா அந்தப் பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், இந்த முறை முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.